அடைப்புக்குறிக்குள்

கோப்பு எண் எழுபத்தொன்று. கறுப்பு வெள்ளை.
எடுத்த வருடம் 1957.
காது கேளாதவர்களுக்காகத்
திரையின் அடியில் வரி எழுதுவது என் வேலை.
நிமிடத்துக்கு இரண்டரை டாலர்.
சாக்ரமென்டோவில் மழை. ஹீட்டர் முனகுகிறது.

படத்துக்குள் வருடம் 2190.
பூமி முழுவதற்கும் ஒரே கொடி என்கிறார் கேப்டன்.
கப்பலில் ஒன்பது ஆண்கள்.
ஒன்பது தாடைகளையும்
ஒரே கத்தி மழித்திருக்கிறது.
பத்தாவதாக ஒருத்தி, விஞ்ஞானியாம்,
காபி கொண்டுவருகிறாள்.
விண்கல் மோதினால் முதலில் அலறுவதும் அவளே.
[அலறல்] என்று எழுதுகிறேன்.
[மீண்டும் அலறல்].

இருநூற்று முப்பது வருடம் தள்ளிப் போயும்
எங்கள் தெருவிலிருந்து ஒருவர்கூட
அந்தக் கப்பலில் ஏறியிருக்கவில்லை.

நாற்பத்தொன்றாம் நிமிடத்தில் கோள் வருகிறது.
காகிதக்கூழ்ப் பாறை, சோப்புத்தூள் பனி.
பாறைக்குப் பின்னாலிருந்து எழுகிறது அது:
ரப்பர்த் தோல், மூன்று கண்.
முதுகு ஜிப் தெரியக்கூடாதென்று
எந்தக் காட்சியிலும் திரும்புவதே இல்லை.
வாய் மட்டும் நிஜம்.

எனக்குத் தந்த வசனத் தாளில் அந்த இடத்தில்
[வேற்றுக்கிரக மொழி].
ஆறு இடங்கள். ஆறிலும் அதேதான்.

ஹெட்போனைக் காதோடு அழுத்தினேன்.
பின்னே ஓட்டினேன்.
மறுபடியும்.

"ஆய் அப்போ" என்கிறது அது.

சோறு அடிப்பிடித்தால்
என் அம்மா சொல்வது.

இலோகானோ.
நான் அழக் கற்ற மொழி
மூன்று கண்ணோடு அங்கே நிற்கிறது:

"பெட்டிக்கு ரெண்டு சென்ட் குறைச்சிட்டான் கங்காணி.
அஸ்பராகஸ் என்ன,
தானே குனிஞ்சு தன்னை அறுத்துக்குமா?"

கேப்டன் கையுயர்த்தித் தம் ஆட்களிடம்:
"நமது ஆயுதங்களைக் கண்டு வியக்கிறது."

"வெந்து சாகறேன் உள்ளே.
ஒண்ணுக்குப் போகக்கூட விடமாட்டேங்கறான்."

"தன் மன்னனிடம் நம்மை அழைத்துச் செல்லுமாம்."

"கறுப்பு வெள்ளைப் படத்துக்கு
வாயைச் சுத்தி எதுக்குடா பச்சைச் சாயம்?"

"சமாதானம் வேண்டுகிறது."

நடுராத்திரியில் தனியாகச் சிரித்தேன்.
மாடி வீட்டுக்காரன் தரையைத் தட்டினான்.

படம் முடியும்போது ஒன்பது பேருக்கும் பெயர் ஓடுகிறது.
காபிக்காரிக்கு ஓடுகிறது. கப்பல் நாய்க்கும்.
கோப்போடு வந்த பழைய கூலித் தாளில்தான்
அவன் இருந்தான், பென்சிலில்:
ரப்பர் உடை, மூன்று நாள்,
ப்ருடென்சியோ டும்லாவ், ஸ்டாக்டன்.
மார்ச்சுக்கு முன்னால். அறுவடை தொடங்காத மாதம்.

'உன் பாஷையில ஏதாவது உளறு, போதும்'
என்று எவனாவது சொல்லியிருப்பான்.
படம் ஸ்டாக்டனுக்கும் வந்திருக்கும்.
கீழே பிள்ளைகள் கண்ணைப் பொத்த,
பழைய தடையின் பழக்கத்தில்
இன்னமும் மாடியிலேயே உட்காரும் நாற்பது கூலிக்காரர்கள்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார்கள்.
எனக்கு ஆதாரமில்லை.
இருந்தாலும் அந்தச் சிரிப்பு கேட்கிறது.

ஆறு இடத்திலும் அவன் பேசியதை எழுதி அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை திரும்பி வந்தது.
[வேற்றுக்கிரக மொழி] என்றே போடவும்.
பார்வையாளர்கள் குழம்புவார்கள்.

வாடகை ஒன்றாம் தேதி. போட்டேன்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

ஆறாவது, அதைச் சுட்ட பிறகு வருவது.
கப்பல் கிளம்பிவிட்டது, இசை பொங்குகிறது,
மொழிபெயர்க்கக் கேப்டன் இல்லை.
சோப்புத்தூளில் மல்லாந்து கிடக்கிறது,
உதடு அசைகிறது, யாரையோ கேட்கிறது.
அந்த வரியை மட்டும் நான் தொடவில்லை.
அதுவரை யார் உட்கார்ந்து பார்க்கப்போகிறார்கள்?

"முடிஞ்சுதா?
எழுந்துக்கலாமா?"